சென்னை – தூத்துக்குடி விமானப் பயணம்: எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குச் சொந்த ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். பிழைப்பு சென்னையில், வீடு பெரம்பூரில். எங்கள் தெருவிலும் அலுவலகத்திலும் தூத்துக்குடி, திருநெல்வேலிக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். "ஊருக்கு ஃப்ளைட்ல போனா எவ்வளவு நேரம் ஆகும்?" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம் போலத்தான் இருக்கும். அந்த ஒரு வரியை நம்பி நான் இழந்தது ஒன்று உண்டு. அதனால்தான் கேள்விகளை எல்லாம் சேர்த்து, கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சென்னை விமான நிலையத்திலிருந்து தூத்துக்குடி விமான நிலையம் எத்தனை கிலோமீட்டர்?

வான்வழியில், நேர்கோட்டில் சுமார் 529 கி.மீ. மைல் கணக்கில் 329. விமானிகள் கடல் மைலில்தான் பேசுவார்கள். அந்தக் கணக்கில் 286. மீனம்பாக்கத்தில் உள்ள ஓடுபாதைக்கும் வாகைக்குளத்தில் உள்ள ஓடுபாதைக்கும் இடையே உள்ள தூரம் இது.

இடத்துக்கு இடம் வேறு வேறு எண் போட்டிருக்கிறதே, எதை நம்புவது?

பெரும்பாலும் எல்லாமே சரிதான், அளந்த இடம்தான் வேறு. சென்ட்ரலிலிருந்து தூத்துக்குடி டவுனுக்கு நேர்கோடு போட்டால் 534 கி.மீ. அளவில் வரும். சாலைத் தூரம் என்றால் 600-ஐ ஒட்டி வரும். ரயில் இன்னும் சுற்றிப் போகிறது. விழுப்புரம், திருச்சி, மதுரை, மணியாச்சி என்று போனால் சுமார் 650 கி.மீ. ஆகிவிடும். விமானமும் நூல் பிடித்த மாதிரி போகாது. ஏறும்போதும் இறங்கும்போதும் வளைவதால் கூடுதலாகச் சில பத்து கிலோமீட்டர் பறந்துதான் தீரும்.

இந்தத் தூரத்தை நாமே கணக்குப் போட முடியுமா?

தாராளமாக. பத்தாம் வகுப்புக் கணக்கு போதும். சென்னை விமான நிலையம் ஏறத்தாழ 12.99 பாகை வடக்கு, 80.17 பாகை கிழக்கு. தூத்துக்குடி 8.72 வடக்கு, 78.03 கிழக்கு. வடக்கு தெற்காக ஒரு பாகை என்பது சுமார் 111 கி.மீ. இரண்டுக்கும் வித்தியாசம் 4.27 பாகை, பெருக்கினால் 474 கி.மீ. கிழக்கு மேற்காக நம் தமிழ்நாட்டு அட்சரேகையில் ஒரு பாகை சுமார் 109 கி.மீ.தான். அந்த வித்தியாசம் 2.14 பாகை, அது 233 கி.மீ. இரண்டையும் செங்கோண முக்கோணத்தின் பக்கங்களாக வைத்து பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டால் கர்ணம் 528, 529 என்று வந்து நிற்கும். பூமியின் வளைவையும் சேர்த்துப் போடும் பெரிய சூத்திரமும் கிட்டத்தட்ட இதே எண்ணைத்தான் தரும். இவ்வளவு குறைந்த தூரத்துக்கு வளைவு பெரிய வேறுபாடு காட்டாது.

வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் இதைச் செய்யச் சொல்லுங்கள். சென்னையிலிருந்து திருச்சிக்குச் சுமார் 294, மதுரைக்கு 418, சேலத்துக்கு 265, கோவைக்கு 404 என்று வர வேண்டும். என் பெண்ணுக்கு இப்படித்தான் அட்சரேகை, தீர்க்கரேகை என்றால் என்ன என்று முதலில் புரிந்தது. அதே கணக்கை வாகைக்குளத்திலிருந்து கொழும்பு விமான நிலையத்துக்குப் போட்டுப் பாருங்கள். சுமார் 267 கி.மீ. எங்கள் ஊருக்குச் சென்னை எவ்வளவு தொலைவோ, கொழும்பு அதில் பாதிதான். வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கித் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டதன் நியாயம் வரைபடத்திலேயே தெரிகிறது.

சரி, பறக்கும் நேரம் எவ்வளவு?

எந்த விமானம் என்பதைப் பொறுத்தது. காற்றாடி வைத்த ஏ.டி.ஆர். 72 என்றால் டிக்கெட்டில் சுமார் ஒன்றரை மணி நேரம் போட்டிருக்கும். ஐந்து பத்து நிமிடம் முன்னே பின்னே இருக்கலாம். ஏர்பஸ் 320 மாதிரி ஜெட் விமானம் என்றால் ஒன்றேகால் மணி நேரம் போதும்.

ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் போகுமே, 529 கிலோமீட்டருக்கு 40 நிமிடம்தானே ஆக வேண்டும்?

என்னிடம் அதிகம் பேர் கேட்டது இதைத்தான். டிக்கெட்டில் இருக்கிற நேரம் பறக்கும் நேரம் மட்டும் அல்ல. நின்ற இடத்தில் சக்கரக் கட்டையை எடுப்பதிலிருந்து, போய்ச் சேர்ந்து மறுபடி கட்டை வைக்கிற வரைக்கும் உள்ள மொத்த நேரம் அது.

சென்னையில் விமானம் பின்னால் தள்ளப்பட்டு, இயந்திரம் கிளப்பி, ஊர்ந்து ஓடுபாதை முனைக்கு வரவே பத்து பதினைந்து நிமிடம் ஆகும். காலை நேரத்தில் முன்னால் நாலைந்து விமானம் வரிசையில் நின்றால் இன்னும் கூடும். கிளம்பியதும் நேராகத் தெற்கே திரும்பிவிடவும் முடியாது. முதன்மை ஓடுபாதை கிட்டத்தட்ட கிழக்கு மேற்காக இருக்கிறது. கிழக்கு நோக்கிக் கிளம்பினால் கிண்டி, அடையாறு மேல் கடலை நோக்கிப் போய்த்தான் வளைய வேண்டும். நமக்குப் போக வேண்டிய திசையோ தென்தென்மேற்கு. அப்புறம், 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட் வேகத்தைத் தாண்டக் கூடாது. அதாவது மணிக்கு 463 கி.மீ. ஆக, ஜெட் விமானமும் ஏறும்போது முதல் சில நிமிடங்களும் இறங்கும்போது கடைசிச் சில நிமிடங்களும் அடங்கித்தான் போகும். அந்த 800 சொச்சம் வேகம் நடுவில் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். மேலே போய்ச் சேர்ந்ததுமே இறங்க ஆரம்பிக்க வேண்டியதுதான்.

ஏ.டி.ஆர். மணிக்குச் சுமார் 500 கி.மீ. வேகத்தில் போகும், 25,000 அடிக்கு மேல் ஏறாது. கேட்டால் பாதி வேகம் மாதிரி இருக்கும். ஆனால் இந்த மாதிரிக் குறுந்தூரத்தில் ஜெட்டுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் கால் மணி நேரம்தான். "ஃபேன் வச்ச ஃப்ளைட்டா?" என்று முகம் சுளிக்கத் தேவையே இல்லை. எரிபொருள் குறைவாகக் குடிக்கும், சின்ன ஓடுபாதையிலும் இறங்கும். இத்தனை வருஷம் எங்களை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது அதுதான்.

தூத்துக்குடிக்கு ஏன் இத்தனை காலம் சின்ன விமானம் மட்டுமே வந்தது?

ஓடுபாதை. பழைய ஓடுபாதையின் நீளம் சுமார் 1,350 மீட்டர்தான். ஏர்பஸ் 320 ஆள் நிறைந்து பாதுகாப்பாக ஏறி இறங்கச் சாதாரணமாக 2,000 மீட்டராவது வேண்டும். 70, 78 பேர் உட்காரும் ஏ.டி.ஆர்.தான் அங்கே பொருந்தியது. இந்த நிலையம் 1990-களின் தொடக்கத்தில் திறக்கப்பட்டது; நடுவில் பல வருஷம் விமானமே இல்லாமல் கிடந்து, 2006-இல்தான் மறுபடி சேவை வந்தது. அந்த இடைப்பட்ட வருஷங்களில் அவசரம் என்றால் மதுரையில் இறங்கி ஓடி வருவோம்.

இப்போது நிலைமை மாறிவிட்டது. ஓடுபாதையை 3,115 மீட்டராக நீட்டியிருக்கிறார்கள். 17,340 சதுர மீட்டரில் புது முனையம் கட்டி, 2025 ஜூலை 26 அன்று பிரதமர் திறந்து வைத்தார். ஆண்டுக்கு 20 லட்சம் பயணிகளைக் கையாளும் அளவுக்குக் கட்டப்பட்டது. ஏர்பஸ் 321 வரை இறங்கலாம். சென்னையின் பெரிய ஓடுபாதையே சுமார் 3,660 மீட்டர்தான் என்பதோடு ஒப்பிட்டால் எங்கள் ஊர் ஓடுபாதை எவ்வளவு வளர்ந்துவிட்டது என்று புரியும். பழைய கட்டடத்தில் ஒரு சின்ன அறையில் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்ததை நினைத்துக்கொண்டு புதுக் கட்டடத்துக்குள் நடந்தபோது, எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது.

எது ஏ.டி.ஆர்., எது ஏர்பஸ் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதிவு செய்யும்போதே விமான வகை போட்டிருக்கும். பயண நேரத்தைப் பார்த்தும் ஊகிக்கலாம். கால அட்டவணை ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும். போன முறை போன நேரத்தை நினைவில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்.

திரும்பி வரும்போது நேரம் கூடுதலாகக் காட்டுவது ஏன்?

தூரம் அதேதான், காத்திருக்கும் இடம்தான் வேறு. வாகைக்குளத்தில் வரிசை கிடையாது. கதவு மூடினால் கிளம்பிவிடலாம். சென்னைக்கு வரும்போது நாட்டின் நாலா பக்கமிருந்தும் வருகிற விமானங்களோடு சேர்ந்து வரிசையில் இறங்க வேண்டும். சில நாள் செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கமே ஒன்றிரண்டு வட்டம் அடிக்க வைப்பார்கள். அதை முன்கூட்டியே எதிர்பார்த்து விமான நிறுவனங்கள் அட்டவணையில் சில நிமிடம் சேர்த்தே போடுகின்றன.

மழை, பனி, காற்று எவ்வளவு பாதிக்கும்?

காற்று அதிகம் பாதிக்காது. இந்த வழி கிட்டத்தட்ட வடக்கு தெற்காக இருப்பதால் காற்று பெரும்பாலும் பக்கவாட்டில்தான் அடிக்கும்.

கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று போகிப் பண்டிகை. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் அன்று அதிகாலை விமானம் போடுகிறார்கள். பழைய பொருட்களை எரிக்கிற புகையும் மார்கழிப் பனியும் சேர்ந்து மீனம்பாக்கத்தில் ஓடுபாதையே தெரியாமல் போன வருஷங்கள் உண்டு. அன்றைக்குக் காலை பத்து மணிக்கு மேல் உள்ள விமானத்தை எடுங்கள். இன்னொன்று அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழை. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் புகுந்து சென்னை விமான நிலையம் பல நாள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயலால் சென்னையில் விமானம் நின்றது. இரண்டே வாரத்தில் எங்கள் பக்கம் வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பேர் சிக்கிக்கொண்டார்கள். அந்த இரண்டு நாள் ஊரில் யாரோடும் பேச முடியாமல் சென்னையில் உட்கார்ந்திருந்தவன் நான். அப்போது 529 கிலோமீட்டர் என்பது வெறும் எண்ணாக இல்லை.

ஜன்னலில் என்ன தெரியும்? எந்தப் பக்கம் உட்காரலாம்?

வரைபடத்தில் அடிக்கோல் வைத்துக் கோடு போட்டால் அது விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே புகுந்து, நெய்வேலி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, காரைக்குடி பக்கமாக வந்து, விளாத்திகுளம் கரிசலைத் தாண்டி இறங்கும். கட்டுப்பாட்டு அறை கொடுக்கும் பாதை கொஞ்சம் மேற்கே விலகலாம், ஆனாலும் காட்சி ஏறக்குறைய இதுதான். தெளிந்த நாளில் நெய்வேலிச் சுரங்கம் பெரிய வடு மாதிரி தெரியும். கொள்ளிடமும் காவிரியும் மணல் கோடுகளாகத் தெரியும். ஊருக்குப் போகும்போது இடது பக்கம் உட்கார்ந்தால் கடலோரம் கிடைக்கும். கிழக்கிலிருந்து இறங்கும் நாளில் உப்பளங்கள் கண்ணாடிச் சில்லு பரப்பிய மாதிரி இருக்கும். ஏ.டி.ஆரில் இறக்கை மேலே இருப்பதால் கீழே பார்க்க மறைப்பு குறைவு. ஏறும் கதவு பின்பக்கம் இருப்பதால், சீக்கிரம் இறங்க வேண்டியவர்கள் பின் இருக்கை எடுங்கள்.

வீட்டிலிருந்து வீட்டுக்கு உண்மையில் எவ்வளவு நேரம் ஆகும்?

இதைத்தான் முதலில் கேட்க வேண்டும், ஆனால் யாரும் கேட்பதில்லை. பெரம்பூரிலிருந்து ஸ்ரீவைகுண்டம் பக்கம் உள்ள எங்கள் ஊருக்கு என் கணக்கைச் சொல்கிறேன். மீனம்பாக்கம் போக ஒன்றேகால் மணி நேரம். உள்நாட்டுப் பயணத்துக்குப் பெட்டி போடும் கவுன்ட்டர் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும், ஏறும் வாசல் 25 நிமிடம் முன்பு மூடும். அதனால் ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பே போய்விட வேண்டும். விமானத்தில் ஒன்றரை மணி நேரம். இறங்கிப் பெட்டி எடுக்கக் கால் மணி நேரம். வண்டி பிடித்து ஊர் போய்ச் சேர முக்கால் மணி நேரம். கூட்டினால் ஐந்தேகால், ஐந்தேமுக்கால் மணி நேரம், அதுவும் எதுவும் தாமதமாகாமல் இருந்தால்.

சில வருஷம் முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குப் பெரியப்பா இறந்துவிட்டதாக அண்ணன் போன் செய்தான். என்னை வளர்த்தவர் அவர். 12.30 விமானத்தில் இடம் கிடைத்தது. "ஒன்றரை மணி நேரம்தானே, இரண்டு, இரண்டரைக்குள் வந்துவிடுவேன்" என்று சொன்னேன். விமானம் நாற்பது நிமிடம் தாமதம். ஊர் எல்லையில் நான் இறங்கும்போது மணி 3.40. செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரை வரை ராகு காலம். இரண்டரை வரை எனக்காகக் காத்திருந்துவிட்டு, போனும் கிடைக்காததால், மூன்று அடிக்குமுன் எடுத்துவிட்டார்கள். தாமிரபரணிக் கரைக்கு ஓடியபோது எல்லாம் முடிந்திருந்தது.

யாருடைய தவறும் இல்லை. நாற்பது நிமிடத் தாமதம் எங்கும் நடப்பது. கிளம்பும்போதே நான் கணக்கைச் சரியாகப் போடவில்லை.

ரயிலா, விமானமா?

நிதானமாகப் போக நேரம் இருந்தால் முத்துநகர் எக்ஸ்பிரஸ். மாலையில் எழும்பூரில் ஏறிப் படுத்தால் விடியும்போது ஊர். பெட்டிக்கு எடை பார்க்க வேண்டாம், பேரப்பிள்ளைக்கு வாங்கின சைக்கிளைக்கூட ஏற்றிவிடலாம். திருநெல்வேலிக்காரர்களுக்கு 2023 செப்டம்பரிலிருந்து வந்தே பாரத் இருக்கிறது. எழும்பூரிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விடுகிறது. வீட்டிலிருந்து வீட்டுக்கு என்று பார்த்தால் விமானத்தைவிட நாலு மணி நேரம்தான் அதிகம், செலவு பெரும்பாலும் குறைவு. காலையில் செய்தி வந்து மாலைக்குள் போயாக வேண்டும் என்றால் விமானம்தான். வேறு வழி இல்லை.

தூத்துக்குடியில் இடம் இல்லாவிட்டால் மதுரையா, திருவனந்தபுரமா?

தூத்துக்குடி, திருச்செந்தூர், கோவில்பட்டிக்காரர்கள் மதுரைக்குப் போங்கள். மதுரை விமான நிலையத்திலிருந்து தூத்துக்குடிக்கு நாலுவழிச் சாலையில் இரண்டு, இரண்டேகால் மணி நேரத்தில் வந்துவிடலாம். நாகர்கோவில்காரர்களுக்குத் திருவனந்தபுரம்தான் பக்கம். அவர்கள் வாகைக்குளத்துக்கு வருவது சுற்று. திருநெல்வேலிக்கு வாகைக்குளம் முக்கால் மணி, ஒரு மணி நேரத் தூரம்தான். முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

சென்னையில் விமான நிலையத்துக்குப் போக எது நல்லது?

காலை, மாலை நெரிசலில் ஜி.எஸ்.டி. சாலையை நம்ப வேண்டாம். மெட்ரோ நேராக விமான நிலையத்துக்கே போகிறது. புறநகர் ரயிலில் வந்தால் திரிசூலத்தில் இறங்கிச் சுரங்கப் பாதையில் சாலையைக் கடக்கலாம். உள்நாட்டு விமானங்கள் ஒன்றாம் முனையம், நான்காம் முனையம் இரண்டிலிருந்தும் கிளம்புகின்றன. டிக்கெட்டில் எது என்று பார்த்துவிட்டு நடங்கள்.

மக்ரூன், கொப்பரைத் தேங்காய் எல்லாம் கொண்டு வரலாமா?

மக்ரூனைக் கைப்பையில் வையுங்கள். பெட்டியில் போட்டால் சென்னை வரும்போது பொடிதான் மிஞ்சும். கொப்பரைத் தேங்காய் எண்ணெய்ப் பசையால் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் அனுமதி இல்லை. பவர் பேங்க் கைப்பையில் மட்டும். ஊரில் அம்மா கட்டித் தருகிற நல்லெண்ணெய், ஊறுகாய் எல்லாம் கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள். இறுக மூடிப் பெட்டியில் போடுங்கள்.

ஊரில் காத்திருப்பவர்களிடம் என்ன நேரம் சொல்வது?

டிக்கெட்டில் உள்ள இறங்கும் நேரத்தோடு பெட்டிக்குக் கால் மணி, வண்டிக்கு உங்கள் ஊர்த் தூரம், தாமதத்துக்கு ஒரு மணி நேரம் சேர்த்துச் சொல்லுங்கள். துக்க வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால் கண்டிப்பாக இப்படித்தான் சொல்ல வேண்டும். அன்றைக்கு நான் "நாலு மணி ஆகும்" என்று சொல்லியிருந்தால் நாலரைக்கு மேல் எடுக்கலாம் என்று வைத்திருந்திருப்பார்கள். அண்ணன் இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறான்.